எர்த் குழி 8 ஓம் இருந்தும் ஷாக் அடிப்பது ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டுக்கு ஃபேஸ், நியூட்ரல் என்று இரண்டு வயர்தான் வருகிறது. எர்த்துக்கு வீட்டோரம் குழி தோண்டி பைப் இறக்கியிருக்கிறோம். சில நாட்களாக வாஷிங் மெஷினைத் தொட்டால் கை சுர்ரென்கிறது. எலக்ட்ரீஷியன் குழியை மீட்டர் வைத்து அளந்தார், 8 ஓம் வந்தது. மெயின் போர்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் டெஸ்ட் லாம்ப் கொடுத்தார், பிரகாசமாக எரிந்தது. "எர்த் நன்றாக இருக்கிறது. 16 ஆம்பியர் எம்சிபியும் (மின்னோட்டம் அளவை மீறினால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கிறது, ஏதாவது ஆனால் டிரிப் ஆகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். முன்பு ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டு தானே அணையும் சுவிட்ச்) ஒன்று இருந்தது. மழை பெய்தாலே விழுந்துகொண்டிருந்ததால் போன வருடம் கழற்றிவிட்டோம். எர்த் 1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறார் ஓர் உறவினர். பிளக் பாயின்ட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்தால் போதும் என்கிறார் இன்னொருவர். உண்மையில் எர்த் எத்தனை ஓம் இருக்க வேண்டும்?

பதில்: வணக்கம். உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் ஒரு வேலை. வாஷிங் மெஷினின் பிளக்கைக் கழற்றி வையுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள். யாராவது வந்து கீழே சொல்வதைச் சரிபார்க்கும்வரை அது அப்படியே இருக்கட்டும்.

உங்கள் எலக்ட்ரீஷியன் அளந்தது பொய் இல்லை. குழி 8 ஓம் என்றால் வீட்டுக்கு நல்ல குழிதான். ஆனால் "8 ஓம் இருக்கிறது, எம்சிபி விழுந்துவிடும்" என்று அந்த இரண்டையும் முடிச்சுப் போட்டாரே, அங்கேதான் தவறு. எர்த் எத்தனை ஓம் என்ற கேள்விக்குத் தனியாகப் பதிலே கிடையாது. பழுது வந்தால் எவ்வளவு ஆம்பியர் ஓடும், அந்த ஆம்பியரைக் கண்டு உடனே விழக்கூடிய சாதனம் போர்டில் இருக்கிறதா, இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் ஓமுக்கு அர்த்தம் வரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெஷினுக்குள் ஃபேஸ் வயர் உரசி உரசித் தோல் தேய்ந்து, இரும்பு பாடியில் பட்டுவிட்டது என்று வையுங்கள். மின்சாரம் எந்த வழியாகப் போகிறது? டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஃபேஸ் வயர் வழியாக மெஷினுக்கு வருகிறது. அங்கிருந்து பச்சை வயர் வழியாக உங்கள் குழிக்கு. குழியிலிருந்து மண்ணுக்குள் இறங்கி, டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரலுக்குத் தனியாகப் போட்டிருக்கும் எர்த் வழியாக ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. இந்த முழுச் சுற்றின் தடையைத்தான் லூப் இம்பிடன்ஸ் என்கிறோம். உங்கள் குழி அதில் ஒரு பகுதி மட்டுமே.

குழி 8 ஓம். டிரான்ஸ்ஃபார்மர் பக்க எர்த் 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வயர்கள் எல்லாம் சேர்ந்து 1 ஓம். மொத்தம் 11 ஓம். 230 வோல்ட்டை 11 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 21 ஆம்பியர்.

இந்த 21 ஆம்பியரை உங்கள் 16 ஆம்பியர் எம்சிபி எப்படிப் பார்க்கும்? வீட்டு எம்சிபிகளுக்கான சர்வதேசத் தரவிதி இதைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது. அதில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் போல 1.13 மடங்கு வரை ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு அது விழக் கூடாது. 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 16 ஆம்பியருக்கு இவை 18, 23 ஆம்பியர். உங்கள் 21 இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்தும் விழாமல் இருக்கலாம். எம்சிபியைப் பொறுத்தவரை, யாரோ ஒரு ஹீட்டரைக் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பழுது என்பதே அதற்குத் தெரியாது.

அந்த நேரம் முழுக்க மெஷின் பாடியில் எவ்வளவு வோல்ட் இருக்கும்? 21 ஆம்பியர் 8 ஓம் குழி வழியாக இறங்குகிறது. பெருக்கினால் ஏறக்குறைய 167 வோல்ட். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஒருவர் அதைத் தொட்டால் உடல் வழியே 100 மில்லி ஆம்பியர் ஓடுவது சாத்தியம். இதயத் துடிப்பு தாறுமாறாகிப் போக அதில் பாதியே போதும்.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது ஒன்று இருக்கிறது. பச்சை வயர்கள் எல்லாம் போர்டில் ஒரே பட்டையில்தான் சேர்கின்றன. மெஷின் பாடியில் 167 வோல்ட் ஏறினால் அந்தப் பட்டையிலும் ஏறும். பட்டையிலிருந்து ஃபிரிட்ஜுக்கு, கீசருக்கு, மோட்டாருக்கு, இஸ்திரிப் பெட்டிக்கு என்று எர்த் போயிருக்கும் எல்லா பாடியிலும் அதே வோல்ட் ஏறும். பழுது துணி துவைக்கும் இடத்தில், ஷாக் அடிப்பது சமையலறையில் ஃபிரிட்ஜைத் திறக்கும் குழந்தைக்கு. பழுதை அறுத்துவிடும் சாதனம் இல்லாத வீட்டில், நன்றாகப் போட்ட எர்த் வயரே ஆபத்தை அறை அறையாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. இந்த ஒன்றைப் பலர் யோசிப்பதே இல்லை என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, உறவினர் சொன்னபடி குழியை 1 ஓமுக்குக் கொண்டுவந்தால்? மொத்தம் 4 ஓம் ஆகும், 57 ஆம்பியர் ஓடும். உங்கள் எம்சிபி சி வகையாக இருந்தால் அது கண நேரத்தில் விழுவதற்கு அதன் அளவைப் போல 10 மடங்கு, அதாவது 160 ஆம்பியர் இருந்தால்தான் நிச்சயம். 57 ஆம்பியருக்கு உள்ளே இருக்கும் பட்டை சூடாகி வளைந்து மெதுவாகத்தான் விழும், பல விநாடிகள் ஆகலாம். சொந்தக் குழியை நம்பியிருக்கும் வீட்டின் பிளக் சர்க்யூட்டுகளில் 0.2 விநாடிக்குள் துண்டிக்க வேண்டும் என்கிறது சர்வதேச மின் தர அமைப்பான ஐஈசியின் 60364 விதி. இன்னும் ஒரு படி மேலே போய், குழியைப் பூஜ்ஜியம் ஓம் ஆக்கினாலும் மீதி 3 ஓம் அப்படியே இருக்கிறது, 77 ஆம்பியர்தான் கிடைக்கும். 160 ஆம்பியர் ஓட முழுச் சுற்றும் 1.44 ஓமுக்குள் அடங்க வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட கணக்கில் டிரான்ஸ்ஃபார்மர் பக்க எர்த் மட்டுமே அதைத் தாண்டிவிடுகிறது, அதில் நீங்கள் கை வைக்க முடியாது. உப்பும் கரியும் கொட்டி, இரண்டாவது குழி தோண்டி, தினமும் தண்ணீர் ஊற்றினாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

இங்கேதான் நீங்கள் கழற்றி வைத்த ஆர்சிசிபி வருகிறது. சிலர் பழக்கத்தில் இதை ஈஎல்சிபி என்பார்கள். அது எவ்வளவு ஆம்பியர் ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. ஃபேஸில் போனது அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று மட்டும் பார்க்கிறது. இரண்டு வயரும் ஒரே காந்த வளையத்துக்குள் போகின்றன. போவதும் வருவதும் சமமாக இருந்தால் வளையத்தில் எதுவும் நடக்காது. வழியில் எங்கோ 30 மில்லி ஆம்பியர் கசிந்துவிட்டால் அந்த வித்தியாசமே அதை விழ வைக்கும். அந்த 21 ஆம்பியர் இருக்கிறதே, எம்சிபி கூடுதல் ஹீட்டர் என்று நினைத்தது, அது ஆர்சிசிபிக்கு வேண்டிய அளவைப் போல 700 மடங்கு. நல்ல நிலையில் இருக்கும் ஆர்சிசிபி 40 மில்லி விநாடிக்குள் விழுந்துவிடும்.

இப்போது எர்த் ஓம் கணக்கே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. பாடியில் 50 வோல்ட்டுக்கு மேல் நிற்க விடக்கூடாது என்பது விதி. 50 வோல்ட்டை 30 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 1,667 ஓம். அதாவது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கும் வீட்டில் எர்த் எலக்ட்ரோடு (குழியில் இறக்கிய பைப்) கணக்குப்படி 1,667 ஓம் வரை இருக்கலாம். அவ்வளவு விட்டுவிடாதீர்கள். கோடையில் மண் காய்ந்தால் தடை பல மடங்கு ஏறும், பைப்பும் காலப்போக்கில் அரிக்கும். 100 ஓமுக்குள் வைத்துக்கொள்வது நிம்மதி. உங்களுடைய 8 ஓம் அந்த வகையில் மிக நன்றாகவே இருக்கிறது. ஆர்சிசிபி இருந்தால் உங்கள் குழி தேவைக்கு மேல் போதும். இல்லாவிட்டால் எந்தக் குழியும் போதாது.

லூப் இம்பிடன்ஸுக்கு என்று சொல்லப்படும் சின்ன சின்ன வரம்புகள் வேறு வகை வீடுகளுக்கானவை. மின் விநியோகம் செய்பவர்களே எர்த்தையும் ஒரு உலோக வயராகக் கொடுக்கும் இடங்களில், பழுது மின்னோட்டம் மண்ணில் இறங்காமல் வயரிலேயே திரும்பிப் போகும். அங்கே சுற்றுத் தடை ஒரு ஓமுக்கும் கீழே கூட இருக்கும், நூற்றுக்கணக்கில் ஆம்பியர் ஓடும், எம்சிபியே வேலையைச் செய்துவிடும். அங்கே நேர வரம்பு 0.4 விநாடி. பி வகை எம்சிபி 5 மடங்கிலும், சி வகை 10 மடங்கிலும் கட்டாயம் உடனே விழும் என்பதால், 230 வோல்ட்டில் பி வகை 16 ஆம்பியருக்கு 2.87 ஓம், சி வகை 16 ஆம்பியருக்கு 1.44 ஓம், சி வகை 32 ஆம்பியருக்கு 0.72 ஓம் என்று வரம்பு வருகிறது. மீட்டரில் அளக்கும்போது வயர் குளிர்ந்திருக்கும். லோடில் 70 டிகிரி வரை சூடானால் தாமிரத்தின் தடை சுமார் 20 சதவீதம் கூடும். அதனால் அளந்த எண் இந்த வரம்பில் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருந்தால்தான் நம்பலாம். சி வகை 16 ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 0.96 ஓம்.

அப்படிப்பட்ட வீடுகளில் இருப்பவர்கள் செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். எம்சிபி அடிக்கடி விழுகிறதென்று பி வகை 16ஐ எடுத்துவிட்டு சி வகை 25ஐப் போடுவார்கள். வயர் தாங்குமா என்பது ஒரு பிரச்சினை. அதோடு லூப் வரம்பும் 2.87 ஓமிலிருந்து 0.92 ஓமுக்கு இறங்கிவிடுகிறது. நேற்றுவரை பழுதைக் கண்டு விழுந்துகொண்டிருந்த சர்க்யூட் இன்று விழாமல் போகலாம். நீளமான வயர் ஓட்டத்தில் இது இன்னும் கவலைக்குரியது. 2.5 சதுர மி.மீ. ஃபேஸும் 1.5 சதுர மி.மீ. எர்த்தும் 25 மீட்டர் ஓடினால், அது மட்டுமே ஏறக்குறைய அரை ஓம்.

இனி உங்கள் மெஷினுக்கு வருகிறேன். குழி 8 ஓம், லாம்பும் எரிந்தது, பிறகு ஏன் கை சுர்ரென்கிறது? இன்றைய வாஷிங் மெஷின்களில் மின் இரைச்சலைத் தடுக்க ஒரு ஃபில்டர் இருக்கும். அதில் ஃபேஸுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சின்ன கெபாசிட்டர், நியூட்ரலுக்கும் பாடிக்கும் நடுவே இன்னொன்று. எர்த் சரியாக இருந்தால் அவை வழியே வரும் மிகச் சிறிய கசிவு சத்தமில்லாமல் எர்த்தில் இறங்கிவிடும். எர்த் அறுந்திருந்தால் பாடி இரண்டுக்கும் நடுவில் தொங்கி, ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்கும். தொட்டால் பொதுவாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாகத்தான் உங்கள் வழியே ஓடும், அதுதான் அந்தச் சுர்ர். அதனால் ஆள் சாகமாட்டார்தான். ஆனால் எர்த் மெஷின் பாடி வரை வந்து சேரவில்லை என்பதற்கு அது நல்ல சாட்சி. உள்ளே நிஜமாகவே ஃபேஸ் கசிகிறது என்றாலும் முதலில் இதே போலத்தான் தெரியும். வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் பிளக்கை உருவச் சொன்னேன்.

குழியில் அளந்த 8 ஓம், மெஷின் இருக்கும் பிளக் பாயின்ட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒரு வீட்டைச் சோதிக்கப் போயிருந்தேன். குழியில் 2 ஓம், மூடி போட்டு, தண்ணீர் ஊற்ற வழி வைத்து, அவ்வளவு அழகாகப் பராமரித்திருந்தார்கள். ஒரு பிளக் பாயின்ட்டைக் கழற்றினால், பச்சை வயர் பெட்டிக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. நுனித் தோலைக்கூட உரிக்கவில்லை. வயரிங் செய்த நாளிலிருந்து அந்த எர்த் பின்னுக்கு எதுவுமே இணைக்கப்பட்டதில்லை. அந்தப் பாயின்ட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டிலும் பிளக் பாயின்ட்டின் எர்த் ஸ்குரூ, நடுவில் உள்ள ஜங்ஷன் பாக்ஸ், மெஷினின் கார்டு, 3 பின் பிளக்கின் உள்பக்கம், எக்ஸ்டென்ஷன் போர்டு இருந்தால் அது, இவற்றில் ஒன்றில்தான் அறுந்திருக்கும். மெயினை அணைத்துவிட்டு, மெஷின் பிளக்கைச் செருகி, போர்டின் எர்த் பட்டைக்கும் மெஷினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதிக்கும் நடுவே வயர் அறுந்திருக்கிறதா என்று மீட்டரில் தொடர்ச்சி பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும்.

டெஸ்ட் லாம்பை நம்பியதும் எனக்குக் கவலையாக இருக்கிறது. 60 வாட் குண்டு பல்பு கால் ஆம்பியர்தான் எடுக்கும். எர்த் 50 ஓம் இருந்தாலும் அதில் 13 வோல்ட்தான் குறையும், கண்ணுக்கு வெளிச்சம் அப்படியே தெரியும். மல்ட்டி மீட்டர் இன்னும் ஏமாற்றும். அதன் உள்தடை கோடி ஓம் அளவில் இருப்பதால், எர்த் பல ஆயிரம் ஓமாக இருந்தாலும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 என்றே காட்டும். அப்புறம், ஆர்சிசிபி இருந்திருந்தால் அந்த லாம்ப் எரிந்தே இருக்காது, கால் ஆம்பியர் கசிவைக் கண்டு விழுந்திருக்கும். லாம்ப் நிதானமாக எரிந்ததே உங்கள் வீட்டில் காவல் இல்லை என்பதற்கு அடையாளம். லூப் இம்பிடன்ஸ் டெஸ்டர் என்று தனிக் கருவி இருக்கிறது, அதை வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள்.

நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்கில் சேர்க்கும் யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். சேர்த்த நாளில் சுர்ர் நின்றுவிடும், அதனால்தான் பலர் நம்புகிறார்கள். ஒருநாள் போர்டிலோ கம்பத்திலோ நியூட்ரல் இணைப்பு தளர்ந்து அறுந்தால், சுவிட்ச் போட்டிருக்கும் ஏதோ ஒரு கருவி வழியாக ஃபேஸ் நியூட்ரலுக்கு வந்து, அந்தத் துண்டு வயர் வழியாக மெஷின் பாடியில் ஏறிவிடும். மெஷினில் ஒரு பழுதும் இல்லாமலேயே பாடியில் 230 வோல்ட் வரை ஏறும். அதோடு ஆர்சிசிபி போட்டாலும் அது நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும். நியூட்ரலும் எர்த்தும் சேரும் இடம் சில ஊர் அமைப்புகளில் உண்டு, ஆனால் அது விநியோகம் செய்பவர்கள் தங்கள் பக்கத்தில், தங்கள் பொறுப்பில் செய்வது.

கடைசியாக மழை. ஆர்சிசிபி மழையில் விழுந்தது அதன் குறை இல்லை. வீட்டில் எங்கோ தண்ணீர் வயரைத் தொடுகிறது என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. வெளிச்சுவர் லைட், மாடி ஜங்ஷன் பாக்ஸ், மோட்டார், காலிங் பெல், இவற்றிலிருந்து தேடுங்கள். புதிய ஆர்சிசிபி போட்டபின் எல்லா பிளக்குகளையும் உருவிவிட்டு, எம்சிபிகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாக ஏற்றினால் எந்தச் சர்க்யூட் என்று தெரிந்துவிடும். எம்சிபி எல்லாம் அணைந்திருந்தும் விழுகிறதென்றால் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது என்று சந்தேகப்படுங்கள், ஏனென்றால் ஒற்றை எம்சிபி ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். அப்போது நியூட்ரல்களைப் பட்டையிலிருந்து பிரித்து, 500 வோல்ட் மெகர் (வயரின் இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டையும் பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் அதுதான் ஆள்.

பழுதே இல்லாமலும் விழலாம். ஃபில்டர் உள்ள கருவிகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் கசியும். அவை எல்லாம் கூடி 9 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்கு மிச்சம் குறைந்துவிடும், தரவிதிப்படி அது 15க்கு மேலேயே விழலாம். வீட்டை இரண்டு ஆர்சிசிபிகளாகப் பிரித்து, வெளிப்புற லைட்டையும் மோட்டாரையும் ஒன்றில் வைத்தால் மழை நாளில் வீடு முழுக்க இருட்டாகாது. ஒன்று விழுந்ததற்காக எல்லாவற்றையும் கழற்றி எறியும் ஆசையும் வராது. வாங்கும்போது ஏ வகை என்று கேளுங்கள். இன்வெர்ட்டர் மோட்டார் மெஷின்களில் கசிவு சுத்தமான ஏசியாக (மாறுமின்னோட்டமாக) இருக்காது, ஏசி வகை ஆர்சிசிபி அதைச் சரியாகப் பார்க்காது.

ஆர்சிசிபி போட்டுவிட்டோம், இனி எர்த் வயர் வேண்டாம் என்றும் யாராவது சொல்வார்கள். எர்த் இல்லாவிட்டால் பழுது வந்தவுடன் அது விழாது, ஒருவர் தொட்டு அவர் உடல் வழியே கசியும்போதுதான் விழும். எர்த் இருந்தால் ஆள் தொடுவதற்கு முன்பே விழுந்திருக்கும். அதேபோல் ஒருவர் ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் ஆர்சிசிபிக்கு ஒன்றும் தெரியாது. அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். ஆனால் அது ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்று மட்டும் காட்டும். எர்த் வயரே இல்லாத வீட்டிலும் பட்டனை அழுத்தினால் விழும்.

வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியனை வாஷிங் மெஷின் பிளக் பாயின்ட்டிலேயே டெஸ்டரை வைத்து இரண்டு எண்களை அளக்கச் சொல்லுங்கள்: லூப் எத்தனை ஓம், ஆர்சிசிபி விழ எத்தனை மில்லி விநாடி. இரண்டையும் தேதியோடு போர்டின் கதவுக்கு உள்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த கோடையில் மண் காய்ந்திருக்கும்போது ஒருமுறை அளந்து, பக்கத்திலேயே அந்த எண்களையும் எழுதுங்கள்.